கிட்டாரை எடுக்கவைப்பது ஒன்று, வைக்கவிடாதது வேறொன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசைக் கருவி கற்கத் தொடங்குவோர் பாதியிலேயே விட்டுவிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் கிட்டாரையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இன்றைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை, கைப்பேசி கவனத்தைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் ஆசையாக வாங்கிய கிட்டார்கள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன என்று முடித்திருந்தார். 22 ஆண்டுகளாகக் கிட்டார் கற்பித்து வருபவன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. விட்டுவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பொறுமை இல்லாதவர்கள் மிகச் சிலரே. ஒருவரைக் கிட்டாரிடம் இழுத்து வருவது எது, வந்தவரை அதனிடம் தங்கவைப்பது எது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பழி எப்போதும் கற்பவர் தலையில் விழுகிறது என்பது என் கருத்து.

தொடங்குவோருக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் முடங்கிய 2020-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் தன் இணையவழிக் கிட்டார் பாடங்களை மூன்று மாதங்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. மார்ச் இறுதியில் சுமார் 1,50,000 ஆக இருந்த பயனர் எண்ணிக்கை ஜூன் இறுதிக்குள் 9,30,000 ஆக உயர்ந்தது. அன்றாட ஓட்டத்திலிருந்து சிறிது விடுபட்டதுமே இத்தனை பேர் கிட்டாரைத் தேடி வந்தார்கள் என்றால், ஆசை வற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி மூனி, புதிதாகத் தொடங்குவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் முதல் ஆண்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்றும் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். கிட்டார் விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் சொல்லும் கணக்கு இது என்பதால் அதை நான் எளிதில் ஒதுக்கிவிடுவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கும் ஒரே குணக்கேடு இருக்க முடியுமா என்பதைத்தான் நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர்களை இழுத்து வருவது பெரும்பாலும் மிகச் சிறியதொரு கணம். ஏதோ ஒரு பாடலின் தொடக்கத்தில் கேட்ட நான்கு நொடிக் கிட்டார் ஒலி, வீட்டில் அண்ணன் வாசித்த இரண்டு கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடி), மேடையில் ஒருவர் துணைக்கு யாருமின்றித் தன் பாட்டுக்குத் தானே வாசித்துக்கொண்டு பாடிய காட்சி என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் இத்தகையவை. நண்பர்கள் முன்னால் மதிப்பாகத் தெரிய வேண்டும் என்று வந்த இளைஞர்களும் உண்டு, மனைவியை இழந்த பின் மாலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் வந்த பெரியவரும் உண்டு. இவற்றில் எதையும் அற்பமான காரணம் என்று நான் தள்ளியதில்லை. ஆனால் அந்த முதல் பொறி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் இரண்டு மாதங்களுக்கு மேல் தானாக எரிந்து நான் பார்த்ததில்லை. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கைக்குப் பழக்கம் வந்து சேரும் வரையில் மனத்தைப் பிடித்துவைப்பது எது என்பதுதான் கற்பிப்பவர்களும் பெற்றோரும் யோசிக்க வேண்டிய இடம்.

முதல் தடை உடலைச் சார்ந்தது. இரும்புக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான இழுவிசையில் நிற்கின்றன. அந்த விறைப்பை எதிர்த்துத்தான் பழக்கமில்லாத மென்மையான விரல் நுனி கம்பியை ஃப்ரெட்டுடன் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சேர்த்து அழுத்த வேண்டும். தோல் காய்த்து வலி அடங்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும், அதுவும் நாள்தோறும் சிறிது நேரமாவது வாசித்தால்தான். ஒரு வாரம் இடைவெளி விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்குத் தோலும் காய்ப்பதில்லை, வலியும் குறைவதில்லை. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்று நான் சொல்லும்போது பெற்றோர் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒரு நாளும் விடாதவர்கள்தான் என்னிடம் நிலைத்திருக்கிறார்கள்.

வலியில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. மற்றொரு பெரும்பகுதி கருவியின் குறையால் வருவது. இதை ஒரு நிகழ்ச்சியின் வழியாகச் சொன்னால்தான் விளங்கும். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி நான்கு மாதங்களாக என்னிடம் கற்று வந்தார். எல்லாரையும் தடுக்கும் எஃப் கார்ட் அவரையும் தடுத்தது. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய பிடி அது. அவர் எவ்வளவு முயன்றாலும் இரண்டு கம்பிகள் மட்டும் ஒலிக்கும், மற்றவை மரத்தில் தட்டியது போல மொத்தென்று அடங்கிவிடும். ஒருநாள், “எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சுபோச்சு சார், வீணா உங்க நேரத்தையும் எடுத்துக்க வேண்டாம்னு பார்க்கிறேன்” என்று சொல்லிக் கிட்டாரை உறையில் போடத் தொடங்கினார். அதுவரை அவருக்கு என் கிட்டாரிலேயே செய்துகாட்டிக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் அவருடைய கிட்டாரை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு பென்சிலைத் தாராளமாக நுழைக்கலாம் போல் இருந்தது. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அது. மறுநாள் உடல்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சேடிலின் அடிப்பகுதியை உப்புத்தாளில் தேய்த்து உயரத்தைக் குறைத்து, தலைப்பக்கத்து நட்டில் கம்பி அமரும் பள்ளங்களை இன்னும் சற்று ஆழமாக்கி, மெல்லிய கம்பிகளைப் பூட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து மெதுவாக ஒருமுறை வருடினார். ஆறு கம்பிகளும் ஒலித்தன. நிமிர்ந்து என்னைப் பார்க்காமலே அதே கார்டை மீண்டும் மீண்டும் பத்துப் பதினைந்து முறை வாசித்தார். இன்றும் வாசிக்கிறார். நான்கு மாதங்களாக அவர் தன் திறமையின்மை என்று நினைத்திருந்தது சில மில்லிமீட்டர் உயரக் கோளாறு. அதை முதல் நாளே கவனிக்காதது என் தவறு. இப்படி யாரும் கவனிக்காமல், தனக்குத்தான் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்துப் பரிசுகளைப் பற்றியும் தேர்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் தரநிலைத் தேர்வுகளையும் போட்டிகளையும் பெருக்குவதே தீர்வு என்கிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விரும்பி விடுவித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, அவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிர்களைத் தொடுவது குறைந்தது. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய குழுவினரும், படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் விட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். இவை கிட்டாரைப் பற்றிய ஆய்வுகள் அல்ல என்பதை அறிவேன். ஆனால் அவற்றைப் படித்தபோது என் வகுப்பறையே கண்முன் வந்தது. ஒரே ஆண்டில் தேர்வுக்குரிய மூன்று உருப்படிகளை மட்டும் ஒரு பிசிறின்றிப் பயின்று, உயர்ந்த மதிப்பெண் வாங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகு அவன் கிட்டார் உறையைத் திறக்கவே இல்லை என்று அவனுடைய தாயார் சொன்னார். அந்த ஓராண்டில் அவனுக்குப் பிடித்த பாடல் எது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போது என்னிடம் யார் புதிதாக வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

தேர்வே கூடாது என்று நான் வாதிடவில்லை. தானாக விரும்பித் தேர்வு எழுதுபவருக்கு அது நல்ல படிக்கட்டு. டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னர் வகுத்த கோட்பாட்டில், மனிதர் ஒரு செயலில் தாமாக நிலைத்திருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, கை தேறி வருகிறது என்ற உணர்வு, பிறரோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. தேர்வு இரண்டாவதை ஓரளவு தரும். முதலாவதையும் மூன்றாவதையும் யார் தருவது?

ஆஸ்திரேலியாவில் இசைக் கல்வி ஆய்வாளர் கேரி மெக்ஃபெர்சன், கருவி கற்கத் தொடங்கிய 150-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கற்கத் தொடங்கும் முன்பே, எவ்வளவு காலம் வாசிப்பாய் என்று அவர்களிடம் கேட்கப்பட்டிருந்தது. ஒரே அளவு பயிற்சி செய்த குழந்தைகளிலும், நீண்ட காலம் வாசிப்பேன் என்று சொன்னவர்கள் சிறிது காலம் என்று சொன்னவர்களைவிட வெகுவாக முன்னேறியிருந்தார்கள். தன்னை ‘வாசிப்பவர்’ என்று ஒருவர் எண்ணிக்கொள்வதற்கும் ‘வகுப்புக்குப் போகிறவர்’ என்று எண்ணிக்கொள்வதற்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. இரண்டே கார்ட் கொண்ட முழுப் பாடல் ஒன்றை முதல் மாதத்திலேயே கைக்குள் கொடுத்துவிட்டால் இந்த எண்ணம் விரைவில் வேரூன்றும். ஆறு மாதங்கள் சுர வரிசைகளை மட்டும் வாசித்தவரிடம், “ஏதாவது வாசித்துக்காட்டு” என்று உறவினர் கேட்கும்போது அவரிடம் வாசிக்க எதுவும் இருப்பதில்லை. அந்தக் கூச்சத்தோடே கிட்டாரை மூடிவைத்தவர்களை நான் அறிவேன்.

முதல் ஆண்டைத் தாண்டியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உண்மையில் எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள். எட்டுப் பத்து கார்ட் தெரியும், மாற்றிப் பிடிப்பதில் தயக்கம் இல்லை, பாடல்களுக்கு உடன் வாசிக்க முடியும். ஆனால் எதை வாசித்தாலும் ஒரே மாதிரி ஒலிப்பதாகத் தோன்றும். இந்தக் கட்டத்தில் காது கையை முந்திவிடுவதுதான் இதற்குக் காரணம். தொடக்கத்தில் கேளாத தவறுகள் எல்லாம், கம்பியின் சிறு அதிர்வு இரைச்சலும், தாளம் அரை இம்மி பிந்துவதும், இப்போது துல்லியமாகக் கேட்கும். ஆகவே முன்னேறிக்கொண்டே இருப்பவர் பின்னடைகிறேன் என்று நம்பத் தொடங்குகிறார். என் மாணவர்களை மாதத்திற்கு ஒருமுறை ஒரே பாடலைக் கைப்பேசியில் பதிவு செய்துவைக்கச் சொல்கிறேன். ஆறு மாதங்களுக்கு முந்தைய பதிவைக் கேட்கும் கணத்தில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் குற்றம் சாட்டிய அதே கைப்பேசிதான் இந்த வேலையைச் செய்கிறது. கையைப் பழகிய தடத்திலிருந்து சற்றே விலக்குவதும் உதவும். பிக் என்ற சிறு தகடு கொண்டு மட்டும் வாசித்தவர் விரல்களால் மீட்டிப் பார்க்கலாம். அடிக் கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி இ என்ற சுரத்திலிருந்து டி-க்குக் கொண்டுவந்தாலே, நேற்று வரை வாசித்த அதே டி கார்ட் வேறொரு கருவியில் ஒலிப்பது போல ஆழம் பெறும். சுருதியை மாற்ற அரை நிமிடம் ஆகும். அதற்குப் பின் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டாக வாசிப்பதன் வலிமையையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 1950-களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் ஸ்கிஃபிள் என்னும் எளிய இசை பரவியபோது, மூன்று கார்ட் தெரிந்த கிட்டார், தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டிச் செய்த பேஸ் என்ற அடிச்சுரக் கருவி, துணி துவைக்கும் பலகை ஆகியவற்றை வைத்துக்கொண்டே பள்ளிச் சிறுவர்கள் ஊர்தோறும் குழு அமைத்தார்கள். 1956-இல் ஜான் லெனன் தொடங்கிய குவாரிமென் அப்படிப்பட்ட குழுக்களில் ஒன்று. அதிலிருந்துதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழு உருவானது. அவர்களுக்குத் தேர்வு இல்லை, பாடத்திட்டம் இல்லை. அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் அந்த மாற்றத்தைப் பழகியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இருந்தது. கிட்டாரில் தேர்ந்தவரும் தொடக்க நிலையில் இருப்பவரும் ஒரே பாடலில் சேர்ந்து வாசிக்க முடியும். ஒருவர் மெட்டை எடுத்துக்கொள்ள மற்றவர் இரண்டு கார்டில் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். தனியாக வாசிக்கும்போது தடுமாறி நிற்பவர், பக்கத்தில் ஒருவர் வாசித்தால் நிற்காமல் கடந்துபோகக் கற்றுக்கொள்கிறார்.

விட்டுவிடுவது என்பதே பல நேரங்களில் இறுதியானதல்ல. 1893-இல் பிறந்த எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி, இடது கைப் பழக்கம் உள்ளவர். வலது கைக்காரருக்கான கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்துத் தானாகவே கற்றார், கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் அடிச்சுரங்களையும் வாசித்தார். இளமையில் பாடல்கள்கூட இயற்றியவர், பிறகு பல பத்தாண்டுகள் கிட்டாரை விட்டே விலகியிருந்தார். சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கே இருந்த கிட்டாரை எடுத்து மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 1958-இல், அறுபது வயதுக்கு மேல் வெளிவந்தது. 1985-இல் அவர் கிராமி விருது பெற்றபோது வயது 90-ஐத் தாண்டியிருந்தது. இடையில் அவர் கிட்டாரைத் தொடாதிருந்த காலத்தில் யாராவது அவரைப் ‘பாதியில் விட்டவர்’ பட்டியலில் சேர்த்திருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு பிழையாக இருந்திருக்கும்!

அந்த வீட்டில் கிட்டார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எனக்கும் ஆறு ஆண்டு இடைவெளி உண்டு. வேலை கிடைத்ததும் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு மாலை, பக்கத்து வீட்டுச் சிறுமி பந்து உருண்டு போய்விட்டதென்று கட்டிலடியில் எட்டிப் பார்த்து, “மாமா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள். திறந்தேன். கம்பிகள் துருவேறி, சுருதி எங்கோ இறங்கிக் கிடந்தது. ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியாக ஒத்துப் பார்த்துச் சுருதி கூட்டிவிட்டு ஜி கார்டைப் பிடித்தேன். நான் நினைவுபடுத்துவதற்குள் விரல்கள் தாமாகவே சென்று அமர்ந்தன. கிட்டாரின் முதுகு மார்பில் அணைந்திருந்ததால் காதில் கேட்பதற்கு முன்பே அந்த அதிர்வை உடம்பில் உணர்ந்தேன். ஆறு ஆண்டுகளாக எனக்கு எது குறைந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் என் கிட்டார் உறைக்குள் போனதில்லை. கூடத்தில் தாங்கியில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் கை அதன்மேல் படுகிறது. உறையின் இழுப்பியைத் திறக்க ஆகும் அந்தப் பத்து நொடிச் சோம்பல் எத்தனை மாலைகளை விழுங்கிவிடும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பிள்ளையைப் பொறுமையற்றவன் என்று திட்டும் பெற்றோரும், தன்னையே நொந்துகொள்ளும் நடுவயதினரும் இருக்கக்கூடும். அவர்கள் பழி சொல்வதற்கு முன் கிட்டாரை ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கம்பி உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தங்கள் நாளிதழ் போட்டிகளில் வென்ற குழந்தைகளின் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அவற்றோடு, எந்த மேடையும் ஏறாமல் இருபது, முப்பது ஆண்டுகளாகத் தம் வீட்டில் வாசித்து வருபவர்களையும், விட்டுவிட்டு மீண்டும் எடுத்தவர்களையும் தேடி, அவர்களை வாசிக்க வைத்திருப்பது எது என்று கேட்டு வெளியிட்டால், இப்போதுதான் எஃப் கார்டோடு போராடிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவருக்கு அது பெரிதும் பயன்படும். என் மாணவர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர் பேச ஆயத்தமாக இருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்